பொருநையில் நீராடச் செல்வோர்க்கு

அழகர்மலைச் சிலம்பாற்றில் நூபுர கங்கைத் தீர்த்தமாடி வரும் மேலூர் வட்டாரத்து அன்பர்கள் சிலர், "பாபநாசத்திலும் ஒருமுறை நீராட வேண்டும் ஐயா, எப்படிச் செல்வது?" என்று அடியேனை வினவுவதுண்டு. வழி எளியது. மாட்டுத்தாவணியிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம். வைகறையில் புறப்பட்டால் உச்சிக்கால பூசைக்குள் சேர்ந்துவிடலாம். ஆனால் வழியை அறிவதினும் அங்குள்ள நீரை அறிந்து செல்வதே முதன்மையானது.

பொதிகையில் தோன்றி, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் பொருநை என்னும் தாமிரபரணி, மலையை விட்டு இறங்கும் இடத்தில் பாபநாசநாதர் உலகம்மையுடன் எழுந்தருளியிருக்கிறார். நவகயிலாயத் தலங்களுள் இது முதலாவது, சூரியனுக்குரியது. இந்திரனைப் பற்றிய பாவம் இங்குத் தீர்ந்ததென்பது தலபுராணம். திருக்கோயிலின் எதிரே படித்துறையில் அன்பர்கள் இடும் பொரிக்குக் கூட்டமாய் வரும் மீன்களைக் காண்பதே தனி இன்பம்.

நம் பக்கத்துக் கண்மாயில் கரையிலிருந்து தரை சிறிது சிறிதாகத் தாழும். முழங்கால், இடுப்பு, மார்பு என ஆழம் முன்னரே நமக்குச் சொல்லிவிடும். மலையாறு அவ்வாறன்று. வெள்ளம் உருட்டிவரும் கற்கள் பாறையை ஆண்டாண்டாய்க் குடைந்து குழியாக்கிவிடுகின்றன. அருவி விழும் அடியிலோ இன்னும் ஆழம். மேலே பளிங்குபோல் அசைவற்றுக் கிடக்கும். ஓரடி தள்ளினால் ஆளை மூழ்கடிக்கும். இதனை நெல்லைச் சீமையார் 'கசம்' என்பர். இலக்கியத்தில் வரும் 'கயம்' என்ற சொல்லே இது. நெயவு நெசவானது போல யகரம் சகரமாயிற்று.

இச்சொல்லை அடியேன் நிகண்டில் கற்கவில்லை. இளமையில், கண்மாயில் நீந்திய துணிவோடு பாசி படர்ந்த பாறையில் கால்வைத்து வழுக்கினேன். அருகிலிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கையைப் பற்றி இழுத்து, "தம்பி, இது உங்க ஊர்க் கண்மாய் இல்லை, கசம்" என்றார்.

எல்லார்க்கும் அப்படி ஒரு கை கிடைப்பதில்லை. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும், கம்பனில் தோய்ந்தவரும், விடுதலை வீரருமான வரகனேரி வ.வே.சு. ஐயர், சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திவந்த காலம். 1925 சூன் திங்களில் பாபநாசம் சென்றபோது, நீரில் அகப்பட்ட மகள் சுபத்திரையைக் காக்கக் குதித்தார், இருவருமே மீளவில்லை. அப்போது அவருக்கு அகவை 44. கம்ப இராமாயண ஆராய்ச்சியை எழுதிய அக்கையை அந்நீர் கொண்டுபோயிற்று என்பதை எண்ணுந்தோறும், தமிழ் பயின்றவன் என்ற முறையில் நெஞ்சம் கனக்கிறது.

ஆகவே, குடும்பத்தோடு செல்வோர் திருக்கோயில் படித்துறையிலேயே, நீரோட்டத்தை உள்ளூராரிடம் கேட்டறிந்து நீராடுக. குழந்தைகளைக் கைப்பிடியில் வைத்துக்கொள்க. கல்யாண தீர்த்தமும் அகத்தியர் அருவியும் வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு அப்பால், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் உள்ளன. வெள்ளக் காலத்தில் அங்கே செல்லவிடார். விடாதபோது மன்றாட வேண்டா. கல்யாண தீர்த்தத்தைக் கரையில் நின்று வணங்கினாலே போதும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. மேலே 143 அடி உயரம் நீர் தேங்கும் பாபநாசம் அணையும் சேர்வலாறு அணையும் உள்ளன. பாசனத்திற்கும் மின்னாக்கத்திற்கும் நீர் திறக்கும்போது, நம் தலைக்குமேல் வானம் தெளிந்திருந்தாலும் ஆறு பெருகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பயணத்தைத் தள்ளிப்போடுவது நன்று. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் வந்த பெருவெள்ளத்தை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்கவில்லை. தைக்குப் பின் நீர் அடங்கித் தெளிந்திருக்கும். ஆடி அமாவாசையன்று சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் கூடும். முதியோர் வேறு நாள் பார்க்கலாம்.

பரிகாரம் என்று உடுத்த துணியை ஆற்றில் விடும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அத்துணி கல்லிடுக்கில் சிக்கி, அடுத்து இறங்குவோர் காலைச் சுற்றும், மீன்களுக்கும் ஊறு. ஈர வேட்டியைப் பிழிந்து பையில் இட்டு ஊருக்கே கொண்டுவாருங்கள்.