`கல்யாணம் ஆனா சரியாயிடும்!' - மாதவிடாய் வலிக்கு இதுவா மருந்து?

வெந்தயம் போட்ட மோர், வெந்நீர் ஒத்தடம், `கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்ற ஆறுதல்... வேங்கிக்கால் வீடுகளிலும் மாதவிடாய் வலிக்கு வைத்தியம் இதுதான். ஒத்தடம் நிஜமாகவே உதவும். கல்யாணம்? அது மருந்தே இல்லை!

கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் அதிகம் சுரப்பதால்தான் பெரும்பாலும் இந்த வலி. மெஃபனாமிக் ஆசிட் மாத்திரை அதைத்தான் குறைக்கிறது. அதனால் வலி முற்றும்வரை காத்திருக்காமல், ஆரம்பத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் போட்டால்தான் கேட்கும். அல்சர், ஆஸ்துமா, கிட்னி பிரச்னை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

மாத்திரைக்கும் அடங்காமல் மாதாமாதம் காலேஜுக்கு லீவு போடவைக்கும் வலி என்றால், எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். சுமார் 10 சதவிகிதப் பெண்களுக்கு இது இருப்பதாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேன் `நார்மல்' என வந்தாலும் இருக்கலாம்!

`கல்யாணமாகாத பொண்ணை லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஊர் என்ன பேசும்?' என்று தயங்கும் அம்மாக்களே, முதலில் 104-க்கு போன் செய்து ஆலோசனை கேளுங்கள். பிறகு, வலித்த தேதிகளைக் குறித்துக்கொண்டு திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மகளுடன் கிளம்புங்கள்.