டிக்கிக்குப் போகும் பேட்டரி

காரின் எடையைக் குறைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் ஸ்டெப்னியைக் கழற்றுவார்கள், அடுத்து பின் சீட்டை. மூன்றாவதாகக் கண் போவது பானட்டுக்குள் இருக்கும் பேட்டரி மீது. அதைத் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டால் கார் பறக்கும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில், இடம் மாற்றுவதால் எடை குறையாது. நீளமான கேபிளும் சேர்வதால் 2 கிலோ கூடத்தான் செய்யும். மாறுவது எடை உட்காரும் இடம்.

900 கிலோ காரில் 540 கிலோ முன் சக்கரங்கள் மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 60 சதவீதம். 15 கிலோ பேட்டரியை முன் அச்சின் மேலிருந்து பின் அச்சுக்கு நகர்த்தினால் முன்பாரம் 525 கிலோ, அதாவது 58.3 சதவீதம் ஆகும். சின்ன எண்தான். ஆனாலும் வளைவில் முன் டயர்களின் சுமை அந்த அளவுக்குக் குறையும். 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரில் பேட்டரியை டிக்கியில் வைத்தது இதற்காகத்தான். செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ பூட்டித் தரும் 3 சீரிஸ் கார்களிலும் பேட்டரிக்கு டிக்கிதான் இடம்.

அந்த பிஎம்டபிள்யூ கார்களில் பிளஸ் டெர்மினலில் ஒரு சிறு வெடிமருந்து வைத்திருக்கிறார்கள். மோதல் நடந்தால் அது வெடித்து, ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளைத் துண்டித்துவிடும். ஏன் இவ்வளவு எச்சரிக்கை? டிக்கியிலிருந்து இன்ஜின் வரை காரின் நீளம் முழுக்க ஓடும் கேபிள் எங்காவது நசுங்கி இரும்பைத் தொட்டால், பல நூறு ஆம்பியர் பாய்ந்து தீப்பிடிக்கும். வீட்டு மெக்கானிக்குக்கு அந்த வெடிமருந்து கிடைக்காது, ப்யூஸ் கிடைக்கும். அதைப் பேட்டரியை ஒட்டியே, ஒரு சாண் தூரத்துக்குள் போட வேண்டும். இன்ஜின் பக்கம் போட்டால் நடுவில் நேரும் ஷார்ட்டுக்குப் பாதுகாப்பே இல்லை. தகட்டில் துளையிட்டுக் கேபிளை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

கேபிளின் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது 200 ஆம்பியர் இழுக்கும் என்றால், 4 மீட்டர் நீளத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஏறக்குறைய 0.86 வோல்ட் தொலையும். 50 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 0.28 வோல்ட்தான். மைனஸைப் பாடியோடு சேர்க்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெற்று இரும்பில் லக்கை முறுக்க வேண்டும். எண்பதுகளில் பெங்களூரில் தயாரான சிபானி டால்ஃபின் ஃபைபர் பாடியும் 848 சிசி அலுமினிய இன்ஜினும் கொண்ட எடை குறைந்த கார். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. அப்படிப்பட்ட காரில் மைனஸுக்கும் சேஸிஸ் வரை தனிக் கேபிள் இழுத்தாக வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது ஈய-அமிலப் பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். ஆகவே டிக்கிக்கு ஏஜிஎம் வகைப் பேட்டரியும், வாயு வெளியே போக ஒரு குழாயும் வேண்டும். மும்பையில் தேவ்நாரை ஒட்டிய காட்கோபர்–மான்குர்த் இணைப்புச் சாலையில் மழைக்காலத்தில் லாரிகளுக்கு நடுவே ஓட்டியவர்களுக்குப் பள்ளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குலுக்கலுக்குப் பேட்டரியை ரப்பர் பட்டையால் கட்டினால் போதாது. இரும்புத் தட்டில் உட்காரவைத்து, கிளாம்ப் போட்டு, தரைத் தகட்டில் போல்ட் முடுக்க வேண்டும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். முதலில் பிளஸைத் தொட்டால், ஸ்பானரின் மறுமுனை பாடியில் பட்ட கணமே பொறி பறக்கும்.

எடை குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால், இடம் மாற்றுவதைவிட 5 கிலோவுக்குள் அடங்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பழைய இடத்திலேயே மாட்டுவது எளிது. விலை அதிகம். காரின் ஆல்டர்னேட்டர் சார்ஜ் வோல்டேஜுக்கு ஒத்துவருமா என்று பார்த்து வாங்க வேண்டும். கழற்றிய பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் உண்டு. 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமக்கும் தேவ்நார் மேட்டுக்கு அது போகக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள், விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.