நர்ஸம்மாவிடம் ஒரு நம்பர் இருக்கிறது!

மசக்கையை ஊருக்குச் சீக்கிரம் சொல்லாதே, கண் பட்டுவிடும் என்பார்கள் பெரியவர்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் கிராம சுகாதார நர்ஸிடம் மட்டும் நாள் தள்ளிப்போனதுமே சொல்லிவிட வேண்டும். 12 வாரத்துக்குள் பெயரைப் பதிவது உத்தமம்.

முன்பெல்லாம் நர்ஸம்மா தடித்தடி நோட்டுகளைச் சுமந்து வருவார். யாருக்கு ஊசி பாக்கி, யார் எடை ஏறவில்லை என்று பார்க்கப் பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். பெண் பிரசவத்துக்குத் தாய் வீடு போனால், நோட்டு புகுந்த ஊரிலேயே தங்கிவிடும். தமிழ்நாட்டில் 2008-ல் 'பிக்மி' என்ற கம்ப்யூட்டர் பதிவு வந்தது. இப்போது ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண் தருகிறார்கள். எடை, இரத்த அழுத்தம், இரத்த அளவு, குழந்தையின் தடுப்பூசி எல்லாம் அந்த எண்ணின் கீழ் ஏறிவிடுகிறது.

"பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்கிறாங்க, அதுக்குத்தானே?" என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும்தான். ஆனால் அதன் அருமை எங்களுக்குப் புரிந்தது வேறு விதத்தில்.

வெளி மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்ட என் அண்ணன் மகள், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பரிசோதனைப் புத்தகம் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்லே அத்தை, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்" என்றாள். நர்ஸம்மா எண்ணைப் போட்டுப் பார்த்தார். மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 10.4, ஆறாம் மாதம் 8.8. அன்று சோதித்ததில் 7.9! கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான்.

அன்றைய கணக்கு மட்டும் தெரிந்திருந்தால், மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்களோ என்னவோ. மாத்திரை சாப்பிட்டும் இறங்கிக்கொண்டே வருகிறதே என்பது பழைய கணக்கால்தான் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், இரும்புச்சத்து மருந்தை ஊசி வழியாகச் சில நாள் ஏற்றச் சொன்னார். பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போவது சகஜம். நல்ல உடம்பு தாங்கும், சோகை பிடித்த உடம்பு தாங்காது. அதனால்தான் இத்தனை அவசரம். தாயும் சேயும் நலமாக வீடு வந்தார்கள்.

விசாரித்தபோது இன்னொன்றும் வெளிவந்தது. மாத்திரையைக் காபியோடு விழுங்கியிருக்கிறாள்! காபியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை ஜூஸோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்த வேண்டாம், அது இயல்புதான்.

கம்ப்யூட்டர் தானாக எதையும் கண்டுபிடிக்காது. நாம் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். அதனால் சகோதரிகளே, கடைசியாகக் குளித்த தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். போன் நம்பர் மாறினால், ஊர் மாறினால் நர்ஸம்மாவுக்குத் தெரிவியுங்கள். அந்த 12 எண்களைக் காலண்டர் ஓரத்திலும் ஒரு தடவை எழுதி வையுங்கள்.

முக்கியமாக, பரிசோதனை முடிந்ததும் பேசாமல் எழுந்து வராதீர்கள். "போன மாசம் எவ்வளவு, இந்த மாசம் எவ்வளவு சிஸ்டர்?" என்று கேளுங்கள். இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, ஹீமோகுளோபின் இறங்கினாலோ, அடுத்து என்ன செய்யணும் என்று கேட்டுக்கொண்டே வீடு திரும்புங்கள். பால் கணக்கை மாதாமாதம் சரி பார்க்கிற நமக்கு இதுவா கஷ்டம்?