வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம்: பிள்ளையின் கற்றல் திறனை மதிப்பிடும்போது

பாட்டி சொல்லும் ஆறுதல்

"ரெண்டு மொழி பேசுறதால புள்ள குழம்புறான், போகப் போகச் சரியாயிடும்." சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இருமொழிச் சூழலால் பேச்சுத் தாமதமோ, வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியாவோ வருவதில்லை. ஆகவே, பிள்ளை திணறினால் தமிழை நிறுத்தவும் வேண்டாம், தானாகச் சரியாகும் என்று காத்திருக்கவும் வேண்டாம். "அவன் அப்பனும் இப்படித்தான் எழுத்துக்கூட்டத் திணறினான்" என்று பாட்டி சொன்னால் இன்னும் சீக்கிரம் மதிப்பீட்டுக்குக் கிளம்புங்கள். டிஸ்லெக்சியா குடும்பவழி வரக்கூடியது.

தமிழில் தப்பிவிடும் குறை

ல, ள, ழ குழப்பம் பல பிள்ளைகளுக்கும் உண்டு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருங்கிய உறவு இருப்பதால், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை பல நேரம் சரியாகவே வாசிக்கும். ஆனால் மிக மெதுவாக வாசிக்கும். ஆங்கிலத்திலோ பிழைகள் பளிச்சென்று தெரியும். உடனே 'சோம்பேறி' என்று பெயர் வைத்துத் துணைப்பாட வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். பழகிய பாடத்தை விட்டு, புதிய பக்கம் ஒன்றை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமாகச் சொல்வதும் வாசிப்பதும் அங்கே பிரிந்துவிடும்.

எங்கே போவது?

கண், காது பரிசோதனை முதலில். பாலர் பள்ளி வயதென்றால், குழந்தை பிறந்தபோது தந்த சுகாதாரக் கையேட்டில் வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். தேவைப்பட்டால் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. வரிசை நீளம், சந்தேகம் வந்ததுமே பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியரே முதல் வாசல். தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்கான டிஸ்லெக்சியா உதவித் திட்டம் 2016 முதல் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் நடக்கிறது. 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் மதிப்பீடு செய்கிறது.

மதிப்பீட்டு அறைக்குள் நடப்பது

உளவியலாளர் சிவப்பு வெள்ளைக் கட்டைகளைக் கொடுத்துப் படத்தில் உள்ளபடி அடுக்கச் சொல்வார். எண்களைச் சொல்லி, பின்னிருந்து திருப்பிச் சொல்லச் சொல்வார். சொற்களுக்குப் பொருள் கேட்பார். பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள்.

தமிழ்ப் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இதுதான். சோதனை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்ட பிள்ளைக்குச் சொற்பொருள் பகுதியில் மதிப்பெண் இறங்கலாம். கட்டை அடுக்குவதில் அந்தத் தடை குறைவு. வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதை மறைக்காமல் முன்பே சொல்லுங்கள். "வீட்டுல இங்கிலீஷ்தான்" என்று கௌரவத்துக்காகச் சொன்னால், ஆங்கிலப் பழக்கக் குறைவு திறன் குறைவாகப் பதிவாகிவிடும்.

சோதனைக்கு முந்தைய நாள் பயிற்சி கொடுக்காதீர்கள். நன்றாகத் தூங்கட்டும்.

அறிக்கை வந்த பிறகு

மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். எந்தப் பகுதியில் பலம், எதில் சிரமம், வகுப்பில் என்ன மாற்ற வேண்டும் என்று உளவியலாளரிடமே கேளுங்கள். ஒரு பிரதி பள்ளிக்குப் போகட்டும். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பழைய அறிக்கை போதாமல் போகலாம். தொடக்கநிலை 5இலேயே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.