மரத்துக்கு விலை, மண்ணுக்கு இல்லை

ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் குழாயில் வரும் தண்ணீரில் ஜொகூர் ஆற்றுக்குப் பங்கு உண்டு. வறட்சியிலும் அந்த ஆறு ஓட, அதன் மேற்பகுதியில் லிங்கியூ நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். அதற்காக எடுத்த காட்டில் ஜாக்குன் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் பிரம்பு வெட்டியும் வாழ்ந்து வந்தார்கள்.

அரசு மரங்களுக்கும் பயிர்களுக்கும் பணம் கொடுத்தது. மண்ணுக்குக் கொடுக்கவில்லை. 1954-ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டம், நிலத்துக்கான இழப்பீட்டை மாநில அரசின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. போதிய இழப்பீடின்றி எவர் சொத்தையும் எடுக்கக்கூடாது என்று மலேசிய அரசியலமைப்பின் 13-ஆவது பிரிவு சொல்லும் நாட்டில்தான் இது நடந்தது. இனப்பாகுபாடு என்றதும் நமக்கு வசைச்சொல்தான் நினைவுக்கு வருகிறது. அது சட்டப் புத்தகத்திலும் இருக்கும்.

அந்த ஜாக்குன் மக்களில் அடோங் பின் குவாவ் உட்பட 52 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 1996-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் வழங்க உத்தரவிட்டது. அவர்கள் இழந்தவற்றைத் தீர்ப்பு ஒவ்வொன்றாகச் சொன்னது: முன்னோர் நிலம், நடமாடும் உரிமை, காட்டு விளைபொருள், குடும்பத்தின் பிழைப்பு, வருங்காலச் சந்ததியின் பிழைப்பு. இந்தப் பட்டியலை மருத்துவர்களும் படிக்க வேண்டும். ஆற்று மீனும் கிழங்கும் காட்டு இறைச்சியும் போன வீட்டில் வெறும் சோறும் இனிப்புத் தேநீரும்தான் மிஞ்சுகின்றன. ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகளின் பிள்ளைகள் பலர் வளர்ச்சி குன்றியிருக்க, பெரியவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் கூடிவருவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

ஜொகூர் நீரிணையின் செலேத்தார் பூர்வகுடிகளுக்கோ காடு என்பது அலையாத்திக் காடு. நண்டும் மட்டியும் அங்கேதான். நகரம் கடலைத் தூர்த்துக்கொண்டு வந்தபோது, சுங்கை தேமோன், பாக்கார் பத்து கிராமத்தார் நீதிமன்றம் போனார்கள். 2017-இல் அவர்களின் மரபுநில உரிமையை உயர் நீதிமன்றம் ஏற்றது.

கிளந்தானில் 2019-இல் கோலா கோ கிராமத்துப் பத்தேக் பூர்வகுடி மக்கள் அடுத்தடுத்து இறந்தபோது, முதலில் மர்ம நோய் என்று பேச்சு எழுந்தது. கடைசியில் அது தட்டம்மை என்று உறுதியானது. பல பத்தாண்டுகளாகத் தடுப்பூசி இருக்கும் நோய் அது. சாலை போட்டுச் செம்பனை நட்ட இடத்துக்கு ஊசி முழுமையாகப் போய்ச் சேரவில்லை. இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற 1960-களின் தோட்டத் துண்டாடலில் வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் மலேசியத் தமிழர்களான நம்மில் எத்தனை! காலடி மண் சொந்தமில்லை என்றால் உடம்பு என்ன பாடுபடும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பூர்வகுடிகளின் சம்மதமில்லாமல் நிலத்தைத் தொடக்கூடாது, எடுத்தால் மண்ணுக்கும் இழப்பீடு கட்டாயம் என்று 1954 சட்டத்தைத் திருத்த வேண்டும். நாடாளுமன்றத்தில் அதைக் கேட்க வேண்டியவர்களில் நாம் வாக்களித்து அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.