டிஸ்க்கில் இருக்கும் ஒலி ஸ்பீக்கர் வரை வர

நல்ல புளூ-ரே டிஸ்க்கில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டி ஒலித்தடம், ஸ்டுடியோவில் கலந்து முடித்த ஒலியிலிருந்து ஒரு பிட்கூடக் குறையாதது. பிளேயரிலிருந்து ஹோம் தியேட்டர் ரிசீவருக்குப் போகும் ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் அது வீணாகிறது.

முதலில் கேபிளைப் பாருங்கள். பழைய ஆப்டிகல் கேபிளையே செருகி வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். 1983-இல் தோஷிபா நிறுவனம் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்த இணைப்பு அது. சுருக்காத ஒலி என்றால் அதில் இரண்டு சேனல்தான் போகும், 5.1 வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்று சுருக்கித்தான் அனுப்பியாக வேண்டும். ட்ரூஎச்டி நொடிக்கு 18 மெகாபிட் வரை எடுத்துக்கொள்ளும். புளூ-ரேயில் டால்பி டிஜிட்டலின் உச்சமே 640 கிலோபிட்! எனவே எச்டிஎம்ஐ தவிர வேறு வழியில்லை.

அடுத்து பிளேயரின் ஆடியோ மெனு. 'பிட்ஸ்ட்ரீம்' என்று வைத்தால் டிஸ்க்கில் உள்ளதை அப்படியே அனுப்பும், ரிசீவர் பிரித்துக்கொள்ளும். 'பிசிஎம்' என்றால் பிளேயரே பிரித்து அனுப்பும். சாதாரண 5.1, 7.1 தடங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் தரம் கூடுதல் என்று சொல்வதை நம்ப வேண்டாம். அட்மாஸ் மட்டும் வேறு. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் எந்த இடத்தில் பறக்கிறது என்ற தகவல் அந்தத் தடத்துக்குள்ளேயே இருக்கிறது. பிளேயர் பிசிஎம்மாக மாற்றும்போது அது உதிர்ந்துவிடும். ஆகவே பிட்ஸ்ட்ரீம்.

அதையும் கெடுக்கும் ஓர் அமைப்பு உண்டு: 'செகண்டரி ஆடியோ'. சில பிளேயர்களில் இதற்கு 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்று பெயர். மெனு பட்டன் எழுப்பும் 'டிக்' சத்தத்தையும் இயக்குநரின் விளக்கவுரையையும் படத்தின் ஒலியோடு கலப்பது இதன் வேலை. கலக்க வேண்டுமானால் முதலில் பிரிக்க வேண்டும். பிரித்துக் கலந்ததைப் பிளேயர் பழைய டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ மறுபடி சுருக்கி அனுப்பும். ஒரு 'டிக்' சத்தத்துக்காக இவ்வளவு இழப்பது அநியாயம். அணைத்துவிடுங்கள். ரிசீவரின் முகப்பில் 'அட்மாஸ்' என்ற எழுத்து வந்தால் சரி.

ஸ்பீக்கர் தூரம், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்குத் திருப்புவது போன்றவற்றை ரிசீவரில் மட்டும் செய்யுங்கள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும்; அந்தக் கணக்கில்தான் ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தாமதப்படுத்துகிறது. மைக் வைத்துத் தானாக அளந்தபின், மூன்று மீட்டரில் இருக்கும் சப்வூஃபருக்கு நாலரை மீட்டர் என்று காட்டலாம். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்த அளவு அது. டேப்பை வைத்து அளந்து திருத்த வேண்டாம்.