114 ஆண்டு உழைக்குமா ஹார்ட் டிஸ்க்?

எப்போது கெடும் என்று எந்தக் கருவியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிரதி எடுத்து வைப்பதுதான் பாதுகாப்பு.

பத்து லட்சம் மணி நேரம். பல ஹார்ட் டிஸ்க்குகளின் விவரக் குறிப்பில், பழுதில்லாமல் உழைக்கும் சராசரிக் காலம் என்று அச்சிடப்படும் எண் இது. கணக்குப் போட்டால் 114 ஆண்டுகள். பேரன் காலம்வரை கவலையில்லை என்று வாங்குபவர் நினைக்கலாம். ஆனால் எந்த டிஸ்க்கையும் அத்தனை ஆண்டுகள் ஓட்டிப் பார்த்து இதைச் சொல்வதில்லை. ஏராளமான டிஸ்க்குகளைக் குறுகிய காலம் ஓட்டி, எத்தனை கெட்டன என்று பார்த்துப் போடும் கணக்கு இது. ஆயிரம் டிஸ்க்குகள் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்பது கெடும் என்பதே இதன் பொருள்.

நடைமுறை இன்னும் மோசம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் 1 லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீத டிஸ்க்குகளை மாற்ற வேண்டியிருப்பது சகஜம் என்று தெரிந்தது. சில இடங்களில் அது 13 சதவீதத்தைத் தொட்டது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கண்காணிக்க 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடு உண்டு. அதன் எச்சரிக்கையை அலட்சியப்படுத்தக் கூடாது. பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களில் கெடும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்று கூகுள் பொறியாளர்கள் அதே ஆண்டில் கண்டறிந்தார்கள். ஆனால் கெட்டுப்போனவற்றில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

காரணம் டிஸ்க்கின் அமைப்பிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுக்கு மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது தகவலைப் படிக்கும் முனை. மனிதத் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். ஓடும் டிஸ்க்கைத் தட்டினாலோ தவறவிட்டாலோ முனை தட்டைக் கீறிவிடலாம். மின்சாரம் அடிக்கடி போய்வரும் ஊர்களில் யு.பி.எஸ். அவசியம். 'டிக் டிக்' என்ற புதுச் சத்தம் கேட்டால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல் நிறுத்திவிடுவது நல்லது.

இவையெல்லாம் ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. நகரும் பாகங்களே இல்லாத எஸ்.எஸ்.டி.யும் விதிவிலக்கல்ல, அது சத்தமில்லாமலே உயிரை விடலாம். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் பதியும் 'ரெய்டு' முறையிலும், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழிந்துவிடும்.

எஞ்சியிருப்பது, அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பிரபலமாக்கிய 3-2-1 விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில். கடை கணக்குக்கும் கல்யாணப் படங்களுக்கும் இது பொருந்தும். உத்தரவாதக் காலத்தில் கெட்டால் தயாரிப்பாளர் பொதுவாகத் தருவது மாற்று டிஸ்க் மட்டுமே, படங்களை அல்ல. பிரதி எடுத்தால் மட்டும் போதாது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். திறக்காத பிரதி இருந்தும் பயனில்லை.